ஆவின் பத்தி ஸ்ட்ராட்டஜி ப்ராஜெக்ட், 40 ஸ்லைடு போட்டோம், சார் திருப்பிக் குடுத்துட்டாரு. இப்ப என்ன பண்றது?

ஈரோடு_பெஞ்ச்:

வணக்கம்ங்க. எம்பிஏ ரெண்டாவது வருஷம், ஈரோடு பக்கம் ஒரு காலேஜ், பேரு வேண்டாம். ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மெண்ட் பேப்பர்ல க்ரூப் ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க, அஞ்சு பேர் டீம், நெசமா ஓடிட்டிருக்குற ஒரு நிறுவனத்த எடுத்து அதோட ஸ்ட்ராட்டஜிய அலசணும், இன்டர்னல்ல பாதி மார்க் இதுக்குத்தான். மத்த டீமெல்லாம் ஜொமேட்டோ, டெஸ்லா, நெட்ஃபிளிக்ஸ்னு போய்ட்டாங்க. நாங்க மட்டும் காலைல வாசல்ல வந்து விழற பொருளாச்சேன்னு ஆவின் எடுத்தோம், வித்தியாசமா இருக்கும், சார் சந்தோஷப்படுவாருன்னு நெனச்சோம்.

ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டோம். ஒருத்தன் ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து), ஒருத்தி பெஸ்டல் (அரசியல், பொருளாதாரம்னு வெளிச்சூழல்), ஒருத்தன் போர்ட்டரோட அஞ்சு விசை (போட்டியாளர், சப்ளையர், வாங்குறவங்கன்னு அஞ்சு பக்க அழுத்தம்), நான் பிசிஜி மேட்ரிக்ஸ் (எந்தப் பொருள் வளருது, எது சந்தைல பெருசுன்னு பிரிக்கற கட்டம்), இன்னொருத்தன் டிசைன். எல்லாத்தையும் ஒட்டி 40 ஸ்லைடு. சார் ஒரு பத்து ஸ்லைடு வரைக்கும் பேசாம பாத்தாரு, அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டாரு: "இதுல ஆவின்ங்கற பேர எடுத்துட்டு நந்தினின்னு போட்டா எத்தன ஸ்லைடு மாத்தணும்?" நந்தினிங்கறது கர்நாடகாவோட கூட்டுறவு பால். டீம்ல ஒருத்தரும் வாய தொறக்கல. "மூணு வாரம் டைம், திரும்ப கொண்டாங்க"ன்னு ஃபைல கைல குடுத்துட்டாரு.

எனக்கு மூணு டவுட்டுங்க. ஒண்ணு, வெலய அரசாங்கம் முடிவு பண்ற ஒரு கூட்டுறவுக்கு ஸ்ட்ராட்டஜின்னு ஒண்ணு இருக்குமா? ரெண்டு, ஆவின் ஷேர் மார்க்கெட்ல இல்ல, அப்ப டேட்டா எங்க எடுக்கறது? மூணு, டிசைன் பண்றேன்னு சொன்னவன் ஃபாண்ட் மாத்துறதத் தவிர வேற எதையும் தொடல, அவன என்ன பண்றதுன்னும் யாராச்சும் சொல்லுங்க.


மதுர_சேல்ஸ்:

தம்பி, உங்க சார் கேட்டது சரியான கேள்வி, அந்த மாதிரி வாத்தியார் கெடைக்கறதே பெருசு. நான் எம்பிஏ முடிச்சு ஒரு எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் மாதிரி அன்றாடப் பொருள்) கம்பெனில சேல்ஸ்ல இருக்கேன், ட்ரெய்னிங்குக்கு வர்ற பசங்க போடுற ப்ராஜெக்ட்டெல்லாம் பாக்குறேன், எல்லாத்துலயும் ஸ்ட்ரெங்த்ல "வலுவான பிராண்ட்", வீக்னெஸ்ல "போதிய விளம்பரம் இல்ல", த்ரெட்ல "போட்டி". பால் கம்பெனிக்கும் அதான், பல்பு கம்பெனிக்கும் அதான்.

நீங்க மொத்த ஆவினயும் தூக்கப் பாத்திருக்கீங்க, அதான் இடுப்பு புடிச்சிருச்சு. ஒரு முடிவ எடுத்துக்கோங்க, இல்ல ரெண்டு மூணு முடிவு, ஆனா எல்லாமே ஒரே வெவகாரத்தச் சுத்தி இருக்கணும். எனக்கு சட்டுனு தோணுறத சொல்றேன்.

2021 மே மாசம் ஆட்சி மாறுன கையோட லிட்டருக்கு 3 ரூபா குறைச்சாங்க, நீல பாக்கெட் 43ல இருந்து 40 ஆச்சு. அடுத்து 2022 நவம்பர், மாட்டுக்காரங்களுக்குக் குடுக்குற கொள்முதல் வெலய 3 ரூபா ஏத்துனாங்க, பசும்பால் 32ல இருந்து 35, எருமப்பால் 41ல இருந்து 44. அந்தக் காச எங்க இருந்து எடுத்தாங்கன்னு பாரு, நீலத்தயும் பச்சையயும் தொடவே இல்ல, ஆரஞ்சு பாக்கெட்ட மட்டும் லிட்டர் 48ல இருந்து 60க்குத் தூக்குனாங்க, அதுலயும் மாசக் கார்டு வச்சிருக்குறவங்களுக்கு பழைய 46தான்னு சொல்லிட்டாங்க. 12 ரூபா ஏத்தம் முழுசா யார் தலைல? ரொக்கத்துக்கு வாங்குறவன், டீக்கடை, ஓட்டல். மூணாவது 2023 கடைசில ஊதா பாக்கெட் வந்துச்சு, டிலைட்டுன்னு. பச்சைல கொழுப்பு 4.5 சதவீதம், ஊதால 3.5. வெல அப்ப ரெண்டுக்கும் லிட்டர் 44.

இந்த மூணயும் வரிசையா வச்சுப் பாரு. நீல பாக்கெட் வெல சாமி செல மாதிரி, அத யாரும் அசைக்க முடியாது, மத்த எல்லாம் அதச் சுத்தித்தான் நகருது. ஆவினோட வெப்சைட்ல விஷன் மிஷன்னு என்ன வேணா எழுதியிருக்கட்டும், அந்த மூணு வருஷத்துல அவங்க நெசமா பண்ணது இதுதான். இத எடுத்துட்டு நந்தினின்னு போட முடியுமா?

ஃபாண்ட் தம்பி பத்தி அப்புறம் பேசலாம், எல்லா டீம்லயும் ஒருத்தன் இருப்பான், எங்க டீம்ல அவன்தான் இப்ப பெரிய எடத்துல இருக்கான்.


ஈரோடு_பெஞ்ச்:

அண்ணா ரொம்ப நன்றிங்க, இந்த மூணும் நியூஸ்ல தனித்தனியா படிச்சதுதான், ஒண்ணா வச்சுப் பாக்கல. ஆனா ஒரு கணக்கு இடிக்குது. 2023 டிசம்பர்ல திரும்பவும் 3 ரூபா ஊக்கத்தொகைன்னு அறிவிச்சு பசும்பாலுக்கு 38, எருமப்பாலுக்கு 47 வருதுன்னு போட்டிருக்காங்க. 38க்கு வாங்கி நீல பாக்கெட்ல 40க்கு வித்தா நடுவுல 2 ரூபாதானே? அதுல வண்டி, கரண்டு, பாக்கெட் கவரு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் எப்படி வரும்? எங்க டீம்ல ஒருத்தி "அப்ப ஆவின் நஷ்டத்துல ஓடுது, முடிஞ்சுது, அதான் கன்க்ளூஷன்"ன்னு ஸ்லைடே போட்டுட்டா.


தவுட்டு_மூட்டை:

அந்த ஸ்லைட மொதல்ல அழிக்கச் சொல்லு கண்ணு.

நான் நாமக்கல் பக்கம், வீட்டுல எப்பவும் நாலஞ்சு உருப்படி நிக்கும், இப்ப ஒரு தனியார் டெய்ரில பால் கொள்முதல் டிபார்ட்மெண்ட்ல இருக்கேன், கம்பெனி பேரு கேக்காத. நீ பால தண்ணி மாதிரி லிட்டர்ல எண்ணுற. பால் யாவாரத்துல யாரும் லிட்டர்ல யோசிக்க மாட்டாங்க, கொழுப்பும் எஸ்என்எஃப்பும்தான். எஸ்என்எஃப்னா கொழுப்பு போக பால்ல இருக்குற மத்த சத்து.

மாட்டுக்காரங்க ஊத்துற பசும்பால்ல கொழுப்பு 4 சதவீதத்துக்கு மேலயே இருக்கும். நீல பாக்கெட் டோன்டு பால், அதுல 3 சதவீதம் இருந்தா போதும். அப்ப ஒரு சதவீதம் மிச்சம். 100 லிட்டர் பால பாக்கெட் போட்டா ஏறக்குறைய 1 கிலோ கொழுப்பு தனியா கைல நிக்குது, அது வெண்ணெயாகி நெய்யாகி வேற வெலைக்குப் போகுது. நெய் கிலோ 600க்கு மேலன்னு வச்சுக்கிட்டா லிட்டருக்கு 6 ரூபா அங்கயே வந்துருச்சு. உன்னோட 2 ரூபா இப்ப 8 ரூபா. முழுசா லாபம்னு துள்ளாத, டோன்டு பாலுக்கு எஸ்என்எஃப் 8.5 வேணும், பசும்பால்ல அது சமயத்துல பத்தாது, பால் பவுடர் சேக்கணும், அதுக்கு செலவு இருக்கு. நெய் காய்ச்ச செலவு இருக்கு. இருந்தாலும் கணக்கு நீ நெனச்ச மாதிரி இல்ல.

இப்ப மதுர அண்ணன் சொன்ன ஊதா பாக்கெட்டுக்கு வா. பச்சைல 4.5, ஊதால 3.5, வெல அப்ப ஒண்ணே. அதே 100 லிட்டருக்கு இன்னொரு கிலோ கொழுப்பு மிச்சம். வெலய ஏத்தாமயே ஏத்துன மாதிரி. டீ போடுறவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும், பாலு ஏன் இப்படி ஓடுதுன்னு. ஆரஞ்சு 6 சதவீதம், அது தலகீழ், பசும்பால்ல இருக்குறத விட அதிகமா வேணும், எருமப்பாலோ க்ரீமோ போடணும், அந்த பாக்கெட் வெல ஏறுனதுல இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு நீங்க எழுதலாம், ஆனா கணக்குப் போட்டுக் காட்டணும்.

அப்புறம் அந்த டிசம்பர் 3 ரூபா ஊக்கத்தொகைன்னு வந்துச்சே, அது யார் பாக்கெட்ல இருந்து போகுதுன்னு தேடுங்க. கர்நாடகால மாநில அரசே லிட்டருக்கு 5 ரூபா மாட்டுக்காரங்களுக்கு ஊக்கத்தொகை தருது, நந்தினி அங்க கம்மி வெலைக்கு விக்க முடியுறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். உங்க சார் சொன்ன நந்தினி கேள்விக்கு பதில் அங்கதான் கெடக்கு.

இன்னொண்ணு, எந்த புக்குலயும் இத ஒழுங்கா எழுதியிருக்க மாட்டாங்க. வருஷம் பூரா பால் ஒரே அளவு வராது. மழை பேஞ்சு பசுந்தீவனம் கெடச்சா பால் கொட்டும், சித்திர வைகாசில வத்திரும். வத்துற காலத்துல தனியார் ரெண்டு ரூபா மூணு ரூபா சேத்துக் குடுத்து இழுப்பாங்க, நாங்களும் அதான் பண்றோம், மறைக்க என்ன இருக்கு. கொட்டுற காலத்துல வெலய எறக்கிருவோம், இல்ல இவ்வளவுதான் வேணும்னு நிறுத்திருவோம். ஊர்ல இருக்குற கூட்டுறவு சொசைட்டி அப்படி நிறுத்த முடியாது, மெம்பர் கொண்டுவந்தா வாங்கித்தான் ஆகணும். 2020 ஊரடங்குல டீக்கடை ஓட்டல் எல்லாம் மூடுனப்ப தனியார் கொள்முதல் படுத்துச்சு, ஆவின் கொள்முதல் ஏறுச்சு. ஆவினுக்கு பால் வேணுங்கும்போது வராது, வேண்டாங்கும்போது வந்து நிக்கும், அத பவுடராவும் வெண்ணெயாவும் மாத்தித்தான் வச்சாகணும். இத வீக்னெஸ்ல போடுவியா ஸ்ட்ரெங்த்ல போடுவியா? மாட்டுக்காரன் கண்ணுல அதுதான் அவனுக்கு இருக்குற ஒரே தைரியம்.


சும்மா_படிக்கிறவன்:

எல்லாம் சரி ப்ரோ ஆனா இதுக்கு பேரு ஸ்ட்ராட்டஜியா. எலெக்‌ஷன் வந்தா வெலய எறக்குவாங்க, போனா ஏத்துவாங்க, மேல ஒரு ஐஏஎஸ் ஆபீசர் எம்டியா வருவாரு, அவரும் எப்ப மாறுவாருன்னு அவருக்கே தெரியாது. நீங்க வேஸ்ட்டா உருட்டிட்டு இருக்கீங்க. பேசாம ஹட்சன் எடுங்க. சந்திரமோகன் 1970ல சென்னைல சின்னதா ஐஸ்க்ரீம்ல ஆரம்பிச்சு அருண் ஐஸ்க்ரீம், 1995ல ஆரோக்யா பால், அப்புறம் ஊர் ஊரா ஹேப் டெய்லி கடைன்னு எப்படி கொண்டுபோனாங்கன்னு பாருங்க, அதுதான் ஸ்ட்ராட்டஜி, மொதலாளி ஒருத்தர் உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணது. லிஸ்டட் கம்பெனி, ஆனுவல் ரிப்போர்ட் நெட்ல கெடக்கு, ஒரு வாரத்துல முடிச்சிரலாம்.


ரெட்_இங்க்:

ஒரு வாரத்துல முடிக்கலாம், உண்மை. அதனாலதான் வருஷா வருஷம் என் டேபிளுக்கு நாலு ஹட்சன் ரிப்போர்ட் வருது.

நான் இதே பேப்பர சென்னைல ஒரு காலேஜ்ல எடுக்குறேன், அதனால திருத்துற பக்கத்துல இருந்து பேசுறேன். சும்மா_படிக்கிறவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. வெலய அமைச்சரவை முடிவு பண்ணா நிறுவனத்துக்கு ஸ்ட்ராட்டஜி ஏதுன்னு தோணும். ஆனா அப்படிப் பாத்தா அமுலும் கூட்டுறவுதான். 1946ல கைரா மாவட்டத்துல ஆரம்பிச்சது, அந்த ஆனந்த் (அமுல் இருக்குற ஊர்) மாதிரியதான் நம்ம ஊர்லயும் காப்பி அடிச்சோம், கிராமத்துல சொசைட்டி, மாவட்டத்துல யூனியன், மேல ஃபெடரேஷன். தமிழ்நாட்டு ஃபெடரேஷன் 1981ல பதிவாச்சு. ஒரே அமைப்பு, ஒரே மாதிரி மெம்பர்ங்க. 2022-23ல அமுல விக்கிற குஜராத் ஃபெடரேஷனோட விற்பனை 55,055 கோடி. அதே வருஷம் ஹட்சன், தனியார், கூர்மையா நடத்துறாங்கன்னு நாம பாராட்டுற கம்பெனி, 7,200 சொச்சம் கோடி. அப்ப "கூட்டுறவுன்னா ஸ்ட்ராட்டஜி இருக்காது"ங்கறது நிக்கல. அமைப்பு ஒண்ணா இருந்தும் எது வேற? பாக்கெட் வெலயில கடைசி கையெழுத்து யாருதுங்கறது வேற. இதுதான் தம்பி உங்க ஆராய்ச்சிக் கேள்வி, நான் இலவசமா குடுத்துட்டேன்.

போர்ட்டரோட அஞ்சு விசைய போட்டிருக்கீங்கன்னு சொன்னீங்க. சப்ளையர் பேரம் பேசுற சக்தி "மிதமானது"ன்னு போட்டிருப்பீங்க, பந்தயம் கட்டுறேன், எல்லாரும் அதான் போடுவாங்க. ஆனா இங்க சப்ளையர்தான் ஓனர். பால் ஊத்துறவர்தான் சொசைட்டி மெம்பர். ஓனருக்கு லாபம் கம்பெனி கணக்குல சேந்தா சந்தோஷமில்ல, கொள்முதல் வெலயா கைக்கு வந்தாத்தான் சந்தோஷம். 2023 மார்ச்ல உற்பத்தியாளர்ங்க லிட்டருக்கு 7 ரூபா கூட்டித் தரச் சொல்லி பால ஊத்த மாட்டோம்னு போராட்டம் பண்ணாங்க, அத சப்ளையர் தகராறுன்னு எழுதுவீங்களா, பங்குதாரர் தகராறுன்னு எழுதுவீங்களா? ஃப்ரேம்வொர்க் எங்க பொருந்தாம வழுக்குதோ அங்கதான் மார்க் இருக்கு. அஞ்சு கட்டத்த நிரப்புறதுக்கு இல்ல.

அதே வருஷம் மே மாசம் அமுல் விஷயம் வந்துச்சு. கிருஷ்ணகிரில குளிரூட்டும் நிலையம் வச்சு, தர்மபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் வரைக்கும் பால் எடுக்கத் திட்டம்னு முதலமைச்சர் ஸ்டாலின் உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்கு கடிதம் எழுதுனாரு. அந்தக் கடிதத்துலயே ஆவினோட அளவு இருக்கு, 9,673 சொசைட்டி, பால் ஊத்துற மெம்பர் 4.5 லட்சம் பேர் கிட்ட, நாளைக்கு 35 லட்சம் லிட்டர். ஒரு கூட்டுறவு இன்னொரு கூட்டுறவோட பால் பகுதிக்குள்ள வரக்கூடாதுங்கறது எழுதாத வழக்கம்னு வாதம். அமுல் இங்க வந்து மொதல்ல பாக்கெட் விக்கல, மாட்டுக்காரர்கிட்டதான் வரப் பாத்துச்சு. சண்டை கடைல இல்ல, கறக்குற எடத்துல. உங்க பெஸ்டல்ல 'பொலிட்டிக்கல்' கட்டத்துல "அரசு ஆதரவு உண்டு"ன்னு ஒரு வரி போட்டிருந்தா அத வச்சு என்ன செய்யிறது?

டேட்டா கேட்டீங்க. சட்டமன்றத்துல வருஷா வருஷம் மானியக் கோரிக்கை வரும்போது பால்வளத் துறையோட கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுவாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பிடிஎஃப், சும்மா டவுன்லோட் பண்ணலாம். கொள்முதல், விற்பனை, யூனியன் வாரியா விவரம் எல்லாம் அதுல இருக்கும். ஒரு வருஷத்துத மட்டும் படிக்காதீங்க, அஞ்சாறு வருஷம் வரிசையா வச்சு எந்த அட்டவணை திடீர்னு காணாமப் போகுதுன்னு பாருங்க, எனக்கு அதுல ஒரு கிறுக்கு. ஹட்சன் ஆனுவல் ரிப்போர்ட்டயும் படிங்க, ஆனா ஒப்பிடறதுக்கு. அவங்க ஊர்ல வச்சிருக்குற மில்க் பேங்க்ல மாட்டுக்காரர்கிட்ட நேரா வாங்குறாங்க, நடுவுல சொசைட்டியும் இல்ல, தேர்தலும் இல்ல. வேகம் அங்க இருந்து வருது.


பேக்பெஞ்ச்_காலனி:

மேம் இல்ல சார், யாரோ, ஒரு கேள்வி. நாங்களும் இதே மாதிரி ப்ராஜெக்ட், ஆளுக்கு ஒரு ஃப்ரேம்வொர்க்னு பிரிக்காம வேற எப்படி பிரிக்கறது? எல்லாரும் எல்லாத்தையும் பண்ணா கடைசில ஒருத்தன்தான் பண்ணுவான், அது நான்தான்.


ரெட்_இங்க்:

மேம்தான்.

பொருள் போற வழிய புடிச்சுப் பிரிங்க. ஆவின்னா ஒருத்தர் பால் ஊத்துறவங்களயும் சொசைட்டியயும் பாக்கணும், ஒருத்தர் யூனியன், குளிரூட்டும் நிலையம், வண்டி, ஒருத்தர் பாக்கெட் வகையும் கொழுப்புக் கணக்கும், ஒருத்தர் ஏஜென்ட், பூத், கார்டு, டீக்கடை, ஒருத்தர் அரசாங்க ஆர்டர், கொள்கைக் குறிப்பு, பழைய நியூஸ். ஃப்ரேம்வொர்க் எல்லாம் அப்புறம். இப்படிப் பிரிச்சா ஒருத்தர் வேலை செய்யலேன்னா நடுவுல ஓட்டை தெரியும், ஸ்வாட் மாதிரி நெட்ல எடுத்து அடைக்க முடியாது. நான் வைவால என்ன செய்வேன்னா பாக்கெட் பாத்தவர்கிட்ட சொசைட்டி பத்தி கேப்பேன், சொசைட்டி பாத்தவர்கிட்ட பாக்கெட் பத்தி. பக்கத்துல இருக்குறவரு என்ன கண்டுபுடிச்சாருன்னு தெரியாதவங்க டீம் இல்ல, ஒரே பைண்டிங்ல இருக்குற அஞ்சு பேர்.

அப்புறம் பரிந்துரைன்னு கடைசி ஸ்லைடு வருமே, தயவுசெஞ்சு "டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யலாம், இளைஞர்களைக் கவரும் புதிய ஃப்ளேவர்கள் கொண்டு வரலாம்" வேண்டாம். எது சொன்னாலும் பக்கத்துலயே அதனால யாருக்கு அடி விழும்னு எழுதுங்க. நீல பாக்கெட்ட 2 ரூபா ஏத்தலாம்னா எழுதுங்க, தப்பில்ல, யாரு கத்துவாங்க, அத எப்படித் தாங்குவாங்கன்னும் எழுதுங்க.


மதுர_சேல்ஸ்:

மேம் சொன்னதுல ஏஜென்ட் பக்கத்துக்கு நான் ஒரு வார்த்த சேக்குறேன், அது என் ஏரியா. காலைல பால் பூத்துல போய் நின்னா பால் வாங்குறவங்க பேசுறதுலயே பாதி ரிப்போர்ட் கெடைக்கும். எந்த கலர் மொதல்ல காலியாகுது, காலியானா அடுத்து எதுக்குத் தாவுறாங்க, தனியார் பாக்கெட் லிட்டருக்கு அவ்வளவு ரூபா கூட இருந்தும் யாரு அத வாங்குறா, ஏன் வாங்குறா. ஏஜென்ட்டுகிட்ட கமிஷன் எவ்வளவுன்னு மொத கேள்வியா கேட்றாதீங்க, தொரத்திருவாரு. ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு, ஒழுகுற பாக்கெட்ட யார் தலைல கட்டுவாங்கன்னு கேளுங்க. அப்புறம் அவரே நிறுத்த மாட்டாரு, கமிஷன்ல இருந்து எல்லாம் தானா வரும்.

ஃபாண்ட் தம்பிய இங்க அனுப்புங்க. ஸ்லைடுக்கு ஆசப்படுறவனுக்கு கலர் கண்ணு இருக்கும், பாக்கெட் பாக்குற வேலைக்கு அவன்தான் சரி.


சும்மா_படிக்கிறவன்:

நான் ஹட்சன்னு சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா அந்த கொழுப்புக் கணக்கு தெரியாது எனக்கு. இத்தன வருஷமா ஊதா பாக்கெட் பச்சைய விட நல்லதுன்னு நெனச்சு வாங்கிட்டிருக்கேன், கலர் நல்லா இருந்துச்சு.


தவுட்டு_மூட்டை:

😂 அதுக்குத்தான் கலர்.


ஈரோடு_பெஞ்ச்:

எல்லாருக்கும் பெரிய நன்றிங்க. சாயங்காலம் டீம் கேண்டீன்ல உக்காந்து பேசுனோம். "மாட்டுக்காரருக்கு கூட்டணும், நீல பாக்கெட்ட ஏத்தக் கூடாது, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆவின் 2021ல இருந்து 2023 வரைக்கும் காச எங்க இருந்து எடுத்துச்சு" அப்படின்னு ஒரே கேள்விய வச்சுக்கிட்டோம், அமுலயும் நந்தினியயும் ஒப்பிட மட்டும் வச்சுக்கறோம். பிசிஜி மேட்ரிக்ஸ தூக்கியாச்சு, அத போட்டது நானுங்கறதால யாரும் அழல. "நஷ்டம், முடிஞ்சுது"ன்னு போட்டவதான் இப்ப கொழுப்புக் கணக்கு போடுறா, கால்குலேட்டர கீழயே வெக்கல, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 100 லிட்டருக்கு எவ்வளவு நெய்னு அட்டவணை போட்டுட்டா, ஆரஞ்சுக்கு மட்டும் மைனஸ்ல வந்து நிக்குதுன்னு கத்துறா. ஃபாண்ட் பையன பூத்துக்கு அனுப்பறோம், காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்னு சொன்னதும் மொகம் சுண்டிப்போச்சு.

சொசைட்டிக்கு நானும் இன்னொருத்தனும் போறோம், என் பெரியம்மா ஊர்ல ஒண்ணு இருக்கு, செக்ரட்டரிகிட்ட பெரியப்பா சொல்லி வச்சிருக்காரு. தவுட்டு அக்கா, அங்க போய் என்ன பாக்கணும், என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லிருங்க. காலேஜ் லெட்டர்ஹெட்ல அனுமதி கடிதம், ஃபார்மல்ஸ், ஐடி கார்டு எல்லாம் ரெடி பண்ணிட்டோம்.


தவுட்டு_மூட்டை:

கடிதம் சரி, கொண்டு போங்க. ஆறு மணிக்கு முன்னாடி போயிருங்க, ஏழு தாண்டுனா கேன் ஏத்திட்டு வண்டி போயிரும், நீங்க கழுவுன தரையத்தான் பாப்பீங்க. போனதும் கேள்வி கேக்காதீங்க, ஒரு ஓரமா நின்னு பாருங்க. ஒவ்வொருத்தர் பால்லயும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து மெஷின்ல வெப்பாங்க, கொழுப்பு, எஸ்என்எஃப் வரும், அதுக்கேத்த வெல சீட்டுல வரும். அந்த நம்பர் வர்றப்ப மாட்டுக்காரங்க மொகத்தப் பாரு, மெஷின பாக்காத. 38 ரூபான்னு பேப்பர்ல போட்டது எல்லாருக்கும் கெடைக்கறதில்ல, அது இந்த தரத்துக்கு இந்த வெலன்னு சொல்றது, கொழுப்பு எறங்குனா காசும் எறங்கும். ஒரு இருபது பேர் சீட்டப் பாத்து குறிச்சுக்கிட்டு, அவங்க கைக்கு நெசமா சராசரி என்ன வருதுன்னு போட்டேன்னா உன் ரிப்போர்ட்ல வேற எவன் ரிப்போர்ட்லயும் இல்லாத ஒரு நம்பர் இருக்கும். பேரு ஊரு எழுதாத, நம்பர மட்டும் எழுது, அவங்கள கேட்டுட்டு எழுது.

எல்லாரும் ஊத்தி முடிச்சப்புறம் பேச்சுக் குடு. தனியாருக்கு ஊத்துறீங்களா, எப்ப மாறுனீங்க, எதுக்குத் திரும்பி வந்தீங்க, பட்டுவாடா எத்தன நாளுக்கு ஒருக்கா, தீவனம் மூட்டை என்ன வெல, மாட்டு லோன் யாரு குடுத்தா. வெலயப் பத்தி கேட்டா எல்லாரும் பத்தலன்னுதான் சொல்லுவாங்க, உங்க அப்பாகிட்ட சம்பளம் பத்துதான்னு கேட்டாலும் அதான் சொல்லுவாரு, அதனால லோனயும் தீவனத்தயும் கேளு, அங்கதான் எந்தப் பக்கம் கட்டிப் போட்டிருக்காங்கன்னு தெரியும். பொம்பளைங்ககிட்ட பேசு, முக்காவாசி வீட்டுல கறக்குறதும் கணக்கு வெக்கிறதும் அவங்கதான், ஆம்பளைங்க கேன தூக்கிட்டு வர்றதோட சரி.

ஃபார்மல்ஸ் போட்டுட்டுப் போய் நிக்காதீங்க, ஆடிட்டுக்கு வந்திருக்காங்கன்னு நெனச்சு ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. செருப்பு போதும், பழசா போடு, வாசல்ல சாணி இருக்கும்.


ஈரோடு_பெஞ்ச்:

ஷூ ஏற்கனவே பாலிஷ் போட்டாச்சுக்கா 😭 சரி, செருப்பே.